பாறைக்கொட்டாயின் நீல நிழல்

“தண்ணி வந்துட்டுது, இனிமே இந்தக் கொட்டாயில எவனும்…” என்று கல்மேல் ஏறி நின்று இருசப்பன் பேச ஆரம்பித்த வாக்கியம் எப்படி முடிந்தது என்பது பாறைக்கொட்டாயில் யாருக்கும் சரியாக நினைவில்லை. எவனும் பக்கத்து ஊரில் குடத்தோடு போய் நிற்க வேண்டாம் என்று முடித்தார் என்பாள் அவருடைய மகள் பொன்னுருவி. எவனும் தாகத்தோடு சாக மாட்டான் என்று முடித்தார் என்பார் பூசாரி மூக்கன். அன்றைக்குத் தூளியில் கிடந்த டீக்கடைக் குட்டியப்பன்கூடத் தன் பங்குக்கு ஒரு முடிவு வைத்திருந்தான். புதிதாய்த் தோண்டிய போர்க்குழாயிலிருந்து தண்ணீர் பனைமர உயரத்துக்குப் பீய்ச்சியடித்த இரைச்சலில் மிச்சப் பேச்சு எவர் காதிலும் விழவில்லை என்பதுதான் நிஜமாக இருக்கும் என்று இருசப்பனின் மகன் மாதையன் நினைத்துக்கொள்வான்.

அந்த மாதையன் சின்னப் பள்ளிக்கூடத்தில் தமிழிலும் பெரிய பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்திலும் படித்து, அயர்லாந்தில் மழை ஓயாத ஒரு நகரத்தின் பரிசோதனைக்கூடத்தில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்து, நாற்பத்தெட்டு வயதில் இரண்டு பெட்டிகளோடு திரும்பி வந்து அக்காள் பொன்னுருவியின் வீட்டு மாடியில் குடியேறினான். அந்த வருஷம் மாசி முடிந்து வெயில் ஏறத் தொடங்கியபோது, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பாறைக்கொட்டாயில் மனிதர்களின் நிழல் நீலமாக விழுந்தது.

முதலில் கண்டவர்கள் போர்மேடையில் தண்ணீர் பிடிக்க நின்ற பெண்கள்.

“உன் சேலைச் சாயம் எறங்குது பாருடி.”

“இது சாயம் போற சேலையா? மொதல்ல உன் காலடியப் பாரு.”

பார்த்தார்கள். குடத்தின் நிழல் கறுப்பாக இருந்தது, குடத்தைப் பிடித்த கையின் நிழல் நீலமாக இருந்தது. ஒருத்தி சோப்புப் போட்டுத் தேய்த்ததில் தரைதான் வெளுத்தது. இன்னொருத்தி புளியைக் கரைத்து ஊற்றினாள், எறும்பு வந்தது. மத்தியானத்துக்குள் எல்லாரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். சாயங்காலம், நிழல்கள் நீண்டு வீதியை நிறைத்தபோது, இத்தனை நாள் கறுப்பாக இருந்ததுதான் கொஞ்சம் விசித்திரம் என்று சொல்லும் அளவுக்கு ஊர் அதற்குப் பழகியிருந்தது.

அதற்குப் பிறகு நீலத்தில் நிறையத் தினுசு உண்டு என்று கண்டுகொண்டார்கள். காலங்காலமாய்ப் போர்த் தண்ணீர் குடித்தவர்களுக்குக் கத்தரிப்பூ நீலம். வாக்கப்பட்டு வந்த பெண்களுக்கு அவர்கள் வந்த வருஷத்துக்குத் தக்கபடி வெளிர்நீலம். லீவுக்கு வந்த உறவுக்காரர்களுக்கு வெறும் கறுப்பு. பெண் பார்க்க வருகிறவர்களை மாலை வெயில் சாயும் நேரத்துக்கு வரச்சொல்லி, பெண்ணை வாசலின் ஓரத்தில் நிறுத்தி, நிழல் முற்றம் முழுக்க விரிந்து மாப்பிள்ளை வீட்டார் காலைத் தொடும்படி செய்தார்கள். தருமபுரி மண்டபம் ஒன்றில் நடந்த கல்யாணத்தில் பாட்டுக் கச்சேரிக்காக ஊதா விளக்குப் போட்டபோது, பாறைக்கொட்டாய்க்காரர்களின் நிழல் மட்டும் வேப்பந்தளிர்ப் பச்சையாக ஒளிர்ந்தது. வெளியூர்க்காரர்கள் பாட்டை விட்டுவிட்டு அதற்குக் கை தட்டினார்கள், மாப்பிள்ளையின் சித்தப்பா மேடையேறி ஒருமுறை சுற்றி வந்து நிழலைக் காட்டிவிட்டு இறங்கினார். நிழல் வெளிறியிருந்தவர்களைப் பற்றி ஊர் பேசியது. “வாத்தியார் பொண்டாட்டி திருட்டுத்தனமா கேன் தண்ணி வாங்கறா. நிழலப் பாத்தியா? நீர்மோர் மாதிரி.”

நீலம் பெருமாளின் நிறம், இருசப்பன் தோண்டிய போரின் வழியாக ஊருக்கு இறங்கிய வரம் என்று பூசாரி மூக்கன் சொன்னார், அதோடு கேள்விகள் முடிந்தன. மூக்கனின் நிழல்தான் ஊரிலேயே அடர்த்தி. அவருக்குக் கழுத்து திரும்பாது; யாராவது கூப்பிட்டால் தேர் திரும்புவதுபோல் முழு உடம்பையும் திருப்பிப் பார்ப்பார், அந்தக் கம்பீரம் வரத்தோடு சேர்ந்தது என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். பெண்களில் அடர்த்தி பொன்னுருவியுடையது. திருவிழாவில் யாருக்கு முதல் மரியாதை என்பதை இனி நிழலைப் பார்த்தே முடிவு செய்யலாம், பஞ்சாயத்தே வேண்டாம் என்று ஊர்க்கூட்டத்தில் ஒரே குரலில் சொன்னார்கள்.

ஊர் எல்லையில் ஆற்றுத் தண்ணீர்க் குழாய் ஒன்று வந்து நின்றிருந்தது. காலையிலும் மாலையிலும் அதில் தண்ணீர் கொட்டும். வீடுகளுக்கு இணைப்புத் தர ஆட்கள் வந்தபோது, எங்களுக்கு எங்க போரு இருக்குது, வேற ஊரைப் பாருங்க என்று அனுப்பிவிட்டார்கள். அந்தத் தண்ணீரில் எருமைகளைக் கழுவினார்கள், எருமைகள் அதையே குடித்தன, எருமைகளின் நிழல் அடுப்புக்கரியாக விழுந்தது. மாதையன் தினமும் வாளியோடு போய் அங்கேதான் பிடித்து வருவான்.

“மாதையண்ணனுக்கு எருமைத் தண்ணிதான் சேருது,” என்று குட்டியப்பன் டீ ஆற்றிக்கொண்டே சொல்வான். “நிழலும் அதுக்கேத்த மாதிரி.”

மாதையன் சிரித்துவிட்டுப் போய்விடுவான். அவனுக்கு அந்த நீலத்தைத் தெரியும். கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீரில் கரைந்து, எதிர் மின்னூட்டம் சுமந்து அலையும் அயனிகளில், குளோரைடு வந்து உரசினாலும் நைட்ரேட் வந்து உரசினாலும் அசையாமல் மஞ்சளாகவே இருந்துவிட்டு, ஃபுளோரைடு ஒன்று வந்து மடியில் ஏறினால் மட்டும் சட்டென்று நீலமாகிவிடுகிற மூலக்கூறுகளைச் செய்வதுதான் அவனுடைய இத்தனை வருஷத்து வேலை. சிலவற்றை ஊதா விளக்கில் பிடித்தால் பச்சையாக ஒளிரும். கண்ணாடிக் குழாய்களில் எத்தனையோ முறை பிறந்ததைப் பார்த்த அதே நீலம் இங்கே டீக்கடை வாசலில் கால்மேல் கால் போட்டுக் கிடந்தது. எப்படி வந்தது என்று அவன் யோசித்து நேரத்தைக் கழிக்கவில்லை. எதைச் சொல்கிறது என்பதில் அவனுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

அதை ஒளிக்கவும் இல்லை. நீலம் வந்த வாரமே டீக்கடையில் உட்கார்ந்து, இது ஃபுளோரைடு, பாறைக்கு அடியிலிருந்து தண்ணீரில் கரைந்து வருவது, வளரும் பிள்ளைகளின் பல்லில் காவிக்கோடு போடுவதும் பெரியவர்களின் எலும்பை இறுக்குவதும் இதுதான், நிழல் அதைத்தான் காட்டுகிறது என்று நிதானமாகச் சொன்னான். எல்லாரும் கவனமாகக் கேட்டார்கள்.

“உங்க அயர்லாந்துல இது இருக்குதாண்ணா?” என்றான் குட்டியப்பன்.

“இந்த அளவுக்கு இல்லப்பா.”

“அப்ப நம்மகிட்டதான் ஜாஸ்தி.”

மறுநாள் கடையில் ‘ஃபுளோரைடு டீ’ என்று பலகை தொங்கியது. வெளியூர் லாரிக்காரர்கள் நிறுத்திக் குடித்துவிட்டு, வெயிலில் நின்று காலடியைப் பார்த்துவிட்டுப் போனார்கள். தண்ணீரைச் சுண்டக் காய்ச்சினால் சாரம் இறுகும் என்று யாரோ கண்டுபிடித்தார்கள். வீட்டுக்கு வீடு அடுப்பில் ஓர் அண்டா ஏறியது. ஒரு டம்ளராக வற்றியதைப் பிள்ளைகளின் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றினார்கள். வற்ற வற்ற நீர்தான் ஆவியாகும், ஃபுளோரைடு அடியில் தங்கி அடர்ந்துகொண்டே போகும் என்று மாதையன் சொன்னபோது, அதுக்குத்தானே காய்ச்சறோம் என்று சந்தோஷமாகச் சொன்னார்கள்.

இந்த நேரத்தில்தான் பொன்னுருவியின் மகள் மேனகாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மேனகா பெங்களூரில் வாக்கப்பட்டவள், சூல்கொண்ட மாதங்கள் முழுக்க அங்கே இருந்துவிட்டுப் பிரசவத்துக்கு வந்தவள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து தீட்டுக் கழித்த அன்று குழந்தையை வெயிலில் காட்டினார்கள். சுண்டுவிரல் வரைக்கும் தெளிவாக, கறுப்பாக, ஒரு குட்டி நிழல் விழுந்தது.

கூடியிருந்தவர்கள் நிழலைப் பார்த்துவிட்டுப் பொன்னுருவியைப் பார்த்தார்கள். பொன்னுருவிக்கு அது போதுமானதாக இருந்தது.

“எங்கப்பன் பேத்தி வயித்துல பொறந்ததுக்கு ஊரான் நிழலு,” என்று அவள் அன்று முழுக்கப் புலம்பினாள். சாயங்காலத்துக்குள் வழியும் கண்டுபிடித்தாள். பாறைக்கொட்டாயில் பிறந்த பிள்ளைக்குப் போர்மேடையில் வைத்துத் தாயின் தாய்மாமன் கையால் முதல் பாலாடை தண்ணீர் புகட்டுவது இருசப்பன் காலத்திலிருந்து வழக்கம். திருவிழா அன்று காலையில், ஊர் முழுக்கக் கூடியிருக்கும்போது, சுண்டக் காய்ச்சிய தண்ணீரை மாதையன் புகட்டுவான். அன்றிலிருந்து தினம் மூன்று வேளை அவளே புகட்டுவாள். அடுத்த திருவிழாவுக்குள் குழந்தை நீலத்தில் விழும்.

மேனகா மாடிக்கு ஏறி வந்தாள். குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

“மாமா, இதை இவளுக்குக் குடுக்கலாமா?”

“கூடாது.”

“அதைக் கீழ வந்து சொல்லுங்க.”

“சொன்னேன்ல மேனகா. ஊருக்கே சொன்னேன்.”

“என்ன சொன்னீங்க? ஃபுளோரைடுன்னு பேரு வெச்சுக் குடுத்தீங்க. பேரு இல்லாம கெடந்ததுக்குப் பேரு கெடச்ச ஒடனே பலகை எழுதி மாட்டிட்டாங்க.” அவளுக்கே சிரிப்பு வந்தது, சிரிக்கும்போது கை தானாக எழுந்து வாயை மூடியது. பாறைக்கொட்டாயில் பிறந்த பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான் சிரிப்பார்கள்; பல்லில் காவிக்கோடு ஓடும் வயதிலேயே கை அந்த வழியைப் படித்துக்கொள்ளும். “என் கல்யாண ஆல்பத்தப் பாத்திருக்கீங்களா மாமா? ஒரு படத்துலகூட நான் சிரிக்கல. போட்டோக்காரரு வாய மூடிக்கம்மா, அப்பதான் அழகா இருக்குதுன்னாரு. இவ அப்படி நிக்க வேணாம். நான் வேணாம்னு சொன்னா, புருசன் வீட்டுப் பேச்சைக் கேட்டு ஆடறான்னுவாங்க. உங்க இடம் அது. நீங்கதான் எதாவது செய்யணும்.”

உங்க இடம் என்று அவள் சொன்னது வெறும் பேச்சில்லை. போர் இருக்கும் துண்டு நிலத்தையும் மோட்டார் அறையையும் இருசப்பன் மகன் பேரில்தான் எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். போகும்போது அவர் கேள்விக்குறிபோல் வளைந்திருந்தார். பாடையில் நேராகக் கிடத்த முடியாமல் ஒருக்களித்தபடி கொண்டுபோனார்கள். தண்ணி குடுத்த பூமிக்குக் கும்புடு போட்டுக்கிட்டே போறாரு என்று ஊரே கண்ணீர் விட்டது.

மாதையன் கீழே இறங்கி அக்காளிடம் போனான். அவள் அண்டாவுக்கு முன்னால் உயரமான ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“யக்கா, குழந்தைக்கு அது வேணாம். தாய்ப்பாலத் தவிர எதுவும் வேணாம்னு நர்ஸும் சொல்லியிருக்காங்க.”

“ஒரு பாலாடையில என்னடா ஆயிடப்போவுது?”

“ஒரு பாலாடையோட நிறுத்துவியா?”

அவள் கரண்டியை வைத்தாள். “தம்பி, நீ படிச்சவன். உன் படிப்புக்கு ஃபீஸ் கட்டின நிலமும் இந்தத் தண்ணியில வெளஞ்சதுதான். அப்பா பேரு இந்த ஊருல நிக்கறது அந்தப் போருமேல. அதை வெசம்னு சொல்றதுக்கா அம்மாந்தூரத்துல இருந்து வந்த?”

“அப்பா வேணும்னு செய்யல. அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சத மாடியிலயே வெச்சுக்க,” என்றாள். கீழே விழுந்த மூடியை எடுக்கக் குனியப் பார்த்தாள், பாதியில் நின்றாள், காலால் தள்ளி அவன் பக்கம் ஒதுக்கினாள். அவன் எடுத்துக் கொடுத்தான்.

திருவிழா அன்று காலை வெயில் நன்றாக விழுந்தது. போர்மேடையைக் கழுவிக் கோலம் போட்டிருந்தார்கள். ஊர் மொத்தமும் கூடி நின்றதில் மண் தெரியாமல் நீலமாகக் கிடந்தது, அதன் நடுவில் மாதையனுடைய நிழலும், மேனகாவின் கையில் இருந்த குழந்தையின் நிழலும் இரண்டு பொத்தல்கள்போல் இருந்தன. பொன்னுருவி வெள்ளிப் பாலாடையை நிறைத்துத் தம்பி கையில் கொடுத்தாள்.

மாதையன் அதை வாங்கிக்கொண்டான். புகட்டவில்லை.

“எல்லாரும் வந்திருக்கீங்க,” என்றான். “ஒரு சின்ன விஷயம் கேக்கறேன், செய்யுங்க. பந்தியில உக்கார்ற மாதிரி எல்லாரும் கீழ சம்மணம் போட்டு உக்காருங்க.”

“இன்னும் இலையே வெட்டலியேண்ணா,” என்று ஒருவன் கத்தினான், கூட்டம் சிரித்தது, எல்லாக் கைகளும் வாயை மூடின.

“இலை வரும். உக்காருங்க.”

பாறைக்கொட்டாயில் பந்திப்பாய் விரிப்பதை நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது. விசேஷம் என்றால் டேபிளும் நாற்காலியும்தான். ஊர் நாகரிகமாகிவிட்டது என்று அதைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார்கள். ஆகவே தரையில் உட்கார்வது என்பது அவர்களுக்கு நெடுநாளைக்குப் பின் வந்த ஒரு விளையாட்டாக இருந்தது. வாத்தியார் பொண்டாட்டி உட்கார்ந்தாள். புதிதாக வாக்கப்பட்டு வந்த பெண்கள் உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் தொப்பென்று உட்கார்ந்தார்கள். வெளிர்நீலங்கள் கையை ஊன்றி, அம்மாடி என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தன. உட்கார உட்கார அவர்களுடைய நிழல்கள் சுருங்கி அவர்களுக்கு அடியில் போய் மறைந்தன. கடைசியில் கத்தரிப்பூ நீலத்தில் நீண்ட நிழல்கள் மட்டும் மேடையைச் சுற்றிக் கிடந்தன. அவற்றின் அடிமுனையில், உட்கார முடியாமல், அந்த நிழல்களுக்கு உரியவர்கள் நின்றார்கள். பொன்னுருவி நின்றாள். மூக்கன் நின்றார். குட்டியப்பன் ஒரு முழங்காலை மடக்கிப் பார்த்து, பக்கத்தில் இருந்தவன் தோளைப் பிடித்துக்கொண்டு, திரும்ப நிமிர்ந்தான்.

“குட்டியப்பா, உன் வயசு என்ன?”

“நாப்பது முடியல.” அவன் குரல் இறங்கியிருந்தது.

“நான் உன்னவிடப் பெரியவன்,” என்றான் மாதையன். மேடைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தான், எழுந்தான், மறுபடியும் உட்கார்ந்தான். “நீலம் ஏற ஏற முழங்கால் மடங்காது, முதுகு குனியாது, கழுத்து திரும்பாது. நிழல் இதைத்தான் சொல்லிக்கிட்டிருக்குது. எல்லையில கொட்டற தண்ணிய எருமை குடிக்குது, அது தெனமும் உக்காந்து எந்திரிக்குது. நாமளும் அதைக் குடிக்கலாம்.”

உட்கார்ந்திருந்தவர்கள் நின்றவர்களைப் பார்த்தார்கள். நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பொன்னுருவி தன் காலடியில் கிடந்த நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊர் இப்போது புரிந்துகொள்ளும் என்று மாதையன் நினைத்தான்; உண்மையாகவே, ஓர் இழுப்பு மூச்சு நேரத்துக்கு, பாறைக்கொட்டாய் புரிந்துகொண்டது.

அப்போது மூக்கன் முழு உடம்பையும் திருப்பிக் கூட்டத்தைப் பார்த்தார்.

“வரம் வாங்கினவன் எதுக்குய்யா உக்காரணும்?” என்றார். “கோயிலுக்குள்ள போயிப் பாருங்க. சாமியே நின்னுக்கிட்டுத்தான் இருக்குது.”

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது, அது தலையாட்டலாகியது, பிறகு சத்தமாகியது. ஆமாய்யா, நிக்கற சாமிதான் என்றான் ஒருவன். உட்கார்ந்திருந்தவர்களில் சிலர் கூச்சப்பட்டுக்கொண்டு எழுந்தார்கள். இனிமேல் நின்றபடியே சாப்பிடும் பந்தி ஒன்று போடலாம், அடர்நீலக்காரர்களுக்கு அதில்தான் முதல் இலை என்று யாரோ யோசனை சொன்னார்கள், அது நல்ல யோசனை என்று பலர் சொன்னார்கள். குட்டியப்பன்கூட மெல்ல நிமிர்ந்து, தோளில் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டான். எதைக் கொடுத்தாலும் இந்த ஊர் அதைப் பக்குவமாக வாங்கித் தன் பெருமைகளுக்கு நடுவில் அடுக்கிக்கொள்ளும் என்று மாதையன் கண்டுகொண்டான். பெயரைக் கொடுத்தான், பலகையாயிற்று. காரணத்தைக் கொடுத்தான், கசாயமாயிற்று. மடங்காத முழங்காலை வெயிலில் நிறுத்திக் காட்டினான், பந்தியாயிற்று. சொல்வதற்கு இன்னும் நிறைய இருந்தது. அதையும் வாங்கிக்கொள்வார்கள்.

“புகட்டுடா தம்பி,” என்றாள் பொன்னுருவி. இந்த முறை அவள் குரல் கெஞ்சியது. “எல்லாரும் பாக்கறாங்க.”

மேனகா குழந்தையை இறுக்கிப் பிடித்தபடி மாமாவையே பார்த்தாள். குழந்தை விழித்துக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி, வாயை அகலத் திறந்து கொட்டாவி விட்டது.

மாதையன் பாலாடையைத் தரையில் கவிழ்த்துவிட்டு மேடையிலிருந்து இறங்கினான், மோட்டார் அறைக்குள் போய் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான், கதவைப் பூட்டினான். திருவிழாத் தேர் நிலைக்கு வருவதற்குள் ஜல்லியும் சிமெண்ட்டும் இறக்கி, இருசப்பன் போட்ட போரின் வாயை அடைத்துவிடுவது என்று முடிவு செய்தான்.